கெடு தீர்ந்த வண்டியும் கெடாத எண்ணெயும்

மோட்டார் வண்டி வாங்கியவர்களின் வாழ்க்கையில் இரண்டு சுபதினங்கள் உண்டு. ஒன்று, வண்டி வாசலுக்கு வந்து சேர்ந்து, அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற நாள். மற்றொன்று, கம்பெனியாரின் உத்தரவாதக் கெடு தீர்ந்து, "இனிமேல் நம் இஷ்டம்" என்று குடும்பத் தலைவர் பெருமூச்சு விடுகிற நாள். அதுவரையில் கம்பெனிப் பட்டறையில் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்து வந்தவர், அன்று முதல் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார். அந்தக் கணக்கில் முதலாவதாக அவர் கண்ணில் படுவது எஞ்சின் ஆயில்.

"போன மாதம் வரையில் கம்பெனி அங்கீகரித்த எண்ணெய் இல்லாமல் ஓட மாட்டேனென்ற எஞ்சின், இந்த மாதம் முதல் சாதாரண எண்ணெயில் ஓடாதா?" என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர் அல்லர், எஞ்சின். எஞ்சினுக்கோ தேதி பார்க்கத் தெரியாது.

போடிநாயக்கனூர் வீதிகளில் இப்போது ஜெர்மன் வண்டியும், செக் வண்டியும், பிரெஞ்சு வண்டியும் காண்பது அபூர்வமன்று. அவற்றில் பல, கைமாறி வந்தவை. உத்தரவாதத்தை முதல் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டு வந்தவை. கம்பெனிப் பட்டறையைத் தேடிப் போவதென்றால் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். உள்ளூர்ப் பட்டறையோ நாலு எட்டில் இருக்கிறது. அங்கே போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஜீப்புகளும், குரங்கணிக்குப் போய் வரும் ஜீப்புகளும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கென்று ஒரு பெரிய பீப்பாயில் எண்ணெயும் இருக்கிறது. ஆகவே இப்பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு சம்பாஷணை நடப்பது சகஜம்.

"மாப்பிள்ளை, நம்ம தோட்டத்து ஜீப்பு இருபது வருஷமா மலை ஏறுது. அதுக்கு ஊத்துற எண்ணெயை இதுக்கும் ஊத்தினா என்ன? வண்டி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காது மாமா. இன்னிக்கு ஒண்ணும் சொல்லாது. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சொல்லும்."

"சொல்லும்போது பாத்துக்குவோம்."

"அப்பப் பாக்குறதுக்கு எத்தனை மூட்டை ஏலக்காய் போடணும்னு இப்பவே கணக்குப் போட்டுக்குங்க, மாமா."

இந்த வழக்கில் மாமனார் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதே இந்த வாரத்து வேலை.

*

முதலில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிப்போம். பெரிய எழுத்தில் 5டபிள்யூ-30 என்றோ 15டபிள்யூ-40 என்றோ போட்டிருக்கும். அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 1911-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த பாகுபாட்டின் வழி வந்தது இது. முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாம் எண் எஞ்சின் கொதிக்கிற சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். அவ்வளவுதான். குழம்பு கெட்டியா, நீர்த்ததா என்று சொல்லிவிட்டால், அதில் உப்பும் புளியும் எவ்வளவு என்று தெரிந்துவிடுமா? இந்த எண்களும் அப்படியே.

உப்பும் புளியும் என்று சொன்னது உபசாரமன்று. ஒரு டப்பா எண்ணெயில் பெரும் பங்கு மூல எண்ணெய். மீதியில் பல மருந்துச் சரக்குகள் கலந்திருக்கின்றன. புகைக்கரியைக் கட்டியாகாமல் மிதக்க வைப்பது ஒன்று. உலோகத்தில் படியும் அழுக்கைக் கழுவி, அமிலத்தை அடக்குவது ஒன்று. நுரையைத் தடுப்பது ஒன்று. உலோகமும் உலோகமும் உராயும் இடத்தில் தானே அழிந்து உலோகத்தைக் காப்பாற்றும் துத்தநாக-பாஸ்பரச் சரக்கு மற்றொன்று. இவற்றை எந்த அளவில் கலப்பது என்பதில்தான் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஓர் எஞ்சினுக்கு அமிர்தமான அளவு இன்னொன்றுக்கு விஷமாகலாம்.

ஐரோப்பிய மோட்டார் கம்பெனிகளின் கூட்டுச் சங்கம் 1996 முதல் இதற்குப் பொதுவான தரங்களை வகுத்து வருகிறது. ஏ3/பி4, சி3 என்று டப்பாவின் முதுகில் காணும் எழுத்துக்கள் அவையே. அதற்கும் மேலாக ஒவ்வொரு கம்பெனியும் தன் எஞ்சினிலேயே எண்ணெயை ஓட்டிப் பார்த்து, பிரித்து அளந்து, தேறியவற்றுக்கு ஓர் எண் கொடுக்கிறது. வோல்க்ஸ்வாகனும் ஸ்கோடாவும் 502 00, 504 00, 507 00 என்றும், மெர்ஸிடிஸ் 229.5, 229.52 என்றும், பி.எம்.டபிள்யூ. லாங்லைப்-04 என்றும் சொல்வது இவற்றைத்தான். கம்பெனி அங்கீகாரம் என்பது இந்த எண்ணே அன்றி, கம்பெனி முத்திரை குத்திய டப்பா அன்று. இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். ஒரே எண்ணைப் பெற்ற எண்ணெய்கள் பல வியாபாரிகளிடம் பல விலைகளில் கிடைக்கின்றன.

*

"எண் பார்க்காமல் ஊற்றினால் என்ன ஆகிவிடும்?" என்று மாமனார் கேட்கிறார். நடந்த சங்கதிகள் மூன்றைச் சொல்கிறேன்.

வோல்க்ஸ்வாகன் குடும்பத்தார் ஒரு காலத்தில் செய்த டீஸல் எஞ்சின்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே டீஸலை அழுத்திப் பீய்ச்சும் பம்பு இருந்தது. அதை அமுக்கும் வேலை கேம் ஷாப்டின் தலையில் விழுந்தது. பம்புக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்ததால் வால்வுகளைத் தள்ளும் மேடுகளின் அகலமும் குறைந்தது. சுமை அதிகம், அகலம் குறைவு. அதற்காகவே 505 01 என்று தனி எண் வகுத்தார்கள். நம் நாட்டில் விற்ற ஸ்கோடா லாராவின் 1.9 லிட்டர் டீஸல் அந்த வகையைச் சேர்ந்தது. அந்த எண்ணைக் கவனியாமல் கண்ட எண்ணெயை ஊற்றிய வண்டிகளில் கேம் ஷாப்டின் மேடுகள் தேய்ந்து மழுங்கிப் போயின. ஊற்றிய அன்றைக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. சத்தம் வந்த அன்றைக்கு எண்ணெய் மாற்றிப் பயனுமில்லை.

இரண்டாவது, புகைவடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஆறாம் கட்ட விதிகளின்படி செய்த டீஸல் கார்களில், கரிப்புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கரி நிறைந்தால் வண்டி தானே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் எஞ்சின் ஆயிலில் உள்ள உலோகச் சரக்குகள் எரிந்து உண்டாகும் சாம்பல் மறுபடியும் எரியாது, அங்கேயே தங்கும். ஜீப்புக்கு ஊற்றுகிற கனத்த எண்ணெயில் இந்தச் சாம்பல் அதிகம். சி3 தரத்து எண்ணெயில் அது நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அடைபட்ட வடிகட்டியை மாற்றும் செலவைக் கேட்ட பிறகு, எண்ணெயில் மிச்சம் பிடித்த தொகையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, சமீபத்திய கதை. பிரெஞ்சுக் கம்பெனியார் செய்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டை எண்ணெயிலேயே நனைந்து ஓடும்படி அமைத்திருந்தார்கள். பெட்ரோல் கலந்து கெட்ட எண்ணெயில் பெல்ட் ஊறி உதிர்ந்தது. உதிர்ந்த துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்தன. ஐரோப்பாவில் புகார்கள் குவியவே, அந்தக் கம்பெனியை இப்போது நடத்தும் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2024-இல் இந்தக் கோளாறுக்கு மட்டும் பாதுகாப்பை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரையில் நீட்டியது. சலுகை யாருக்கு? வண்டியை விதிப்படி பராமரித்ததற்குச் சான்று காட்டியவர்களுக்கு. கெடு தீர்ந்துவிட்டதென்று ரசீதுகளை அடுப்பில் போட்டவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

*

நிற்க. "புதிய எண் எல்லாம் பழைய எண்ணைவிட உயர்ந்தது" என்று மாப்பிள்ளை நினைத்தால் அதுவும் பிசகு. வோல்க்ஸ்வாகனின் 508 00 என்னும் எண்ணெய், பெட்ரோல் செலவைக் குறைப்பதற்காக மிக இளக்கமாகச் செய்தது. பச்சைச் சாயம் வேறு கலந்திருக்கும். அதற்கென்று அமைத்த எஞ்சின்களுக்கே அது உரியது. 2010-இல் நம் நாட்டுக்கு வந்து 2022-இல் விற்பனை நின்ற போலோ வண்டியின் பழைய எஞ்சின்களில், புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஊற்றுவது, எண்பது வயதுப் பாட்டனாருக்குப் பேரனின் ஓட்டப் பந்தயச் செருப்பை மாட்டிவிடுவது போல.

மாமனார் கட்சியின் நியாயத்தையும் இப்போது சொல்ல வேண்டும். அவருடைய மெக்கானிக், "கம்பெனி எண்ணெய் நம் ஊர் டீஸலுக்கு ஆகாது" என்று சொல்லியிருப்பார். அது ஒரு காலத்து உண்மை. டீஸலில் கந்தகம் மிகுந்திருந்தபோது, அது எரிந்து உண்டாகும் அமிலத்தை அடக்க, சாம்பல் அதிகமுள்ள காரமான எண்ணெய்தான் வேண்டியிருந்தது. ஆனால் நாடு முழுவதும் விற்கும் டீஸலில் கந்தகம் 2017-இல் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2020-இல் 10 பங்காகவும் இறங்கிவிட்டது. மெக்கானிக்கின் அனுபவம் பொய்யன்று. அவர் அனுபவித்த டீஸல்தான் மாறிப்போயிற்று.

மாமனாரின் மற்றொரு வாதம் இன்றைக்கும் உண்மை. "கம்பெனி புஸ்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரைக்கும் எண்ணெயை விட்டு வைக்காதீர்கள்" என்கிறார் அவர். இங்கேதான் மலை தன் சாட்சியத்தைச் சொல்கிறது.

இந்த மலைக்கு யந்திரம் புதிதன்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் சிறு ரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு அருகேயுள்ள கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கி, மாட்டு வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் ரயில் பாதையை ஒரேயடியாக அடித்துக்கொண்டு போயிற்று. யந்திரத்தை எங்கோ சமவெளியில் வரைந்தவர்களின் கணக்கை இந்த மலை அப்படியே ஒப்புக்கொண்டதில்லை.

எண்ணெய்க் கணக்கும் அப்படித்தான். ஐரோப்பாவில் சில வண்டிகளுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருஷம் வரையில் எண்ணெய் மாற்ற வேண்டாமென்கிறார்கள். நம் நாட்டுக்கென்று வோல்க்ஸ்வாகன் சொன்ன கெடு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையிலோ ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். பதினேழு கொண்டையூசி வளைவுகள். இரண்டாம் கியரில், ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும், முன்னே போகும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்குச் சுமை உச்சத்தில், எதிர்க்காற்று சொற்பத்தில். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதற்கும் அதன் உறைக்கும் நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். இதற்கு நேர்மாறாக, போடிக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்தப்படுவதால் பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் தங்குகின்றன. இரண்டுமே எண்ணெய்க்குக் கடினமான ஜீவிதம். கம்பெனிப் புஸ்தகங்களே இப்படிப்பட்ட உபயோகத்துக்குக் கெடுவைக் குறைக்கும்படி சொல்லுகின்றன.

ஆகவே தீர்ப்பு இது: எண் விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், நாள் விஷயத்தில் மாமனார் சொல்வதைக் கேளுங்கள். அங்கீகார எண் உள்ள எண்ணெயை ஊற்றி, கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியிலேயே, அல்லது வருஷத்துக்கு ஒரு முறையேனும், பில்டரோடு மாற்றுங்கள்.

"செலவு இரட்டிப்பாகுமே!" என்பீர்கள். கணக்குப் போடுவோம். எண் உள்ள எண்ணெய்க்கும் இல்லாததற்கும் லிட்டருக்கு 400 ரூபாய் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். நாலு லிட்டருக்கு 1,600. வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றினாலும் 3,200 ரூபாய். ஒரு டர்போவின் விலை பல ஆயிரம்; எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது லட்சத்தில் பேசுகிற காரியம். உத்தரவாதம் இருந்தபோது அந்த லட்சம் கம்பெனியின் லட்சம். இப்போது அது உங்கள் பெண்ணின் கல்லூரிச் சம்பளம். கெடு தீர்ந்த வண்டிக்குத்தான் நல்ல எண்ணெய் அதிக அவசியம் என்று நான் சொல்வது இதனாலேயே.

பணம் மாத்திரமன்று. எண்ணெய் அழுத்தம் போய் எஞ்சின் இறுகி நின்றால், சமவெளியில் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். மலை இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்குத் துணை செய்யும் சக்தி இரண்டு மூன்று மிதிகளோடு தீர்ந்துவிடும். வளைவுக்கு அப்பால் பள்ளம். பின் ஆசனத்தில் குழந்தைகள். இதை நினைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

*

இனி ஸ்வதேசி விஷயம். "அந்நியக் கம்பெனி எண் கொடுத்தால்தான் எண்ணெயா? நம் நாட்டு எண்ணெய் ஆகாதா?" என்று கேட்கிற தேசாபிமானிகள் நம் பத்திரிகை வாசகர்களில் பலர். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பொதுத்துறைக் கம்பெனிகள் ஸெர்வோ என்றும், மாக் என்றும் எண்ணெய் செய்து விற்கின்றன. இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சி நிலையம் பரீதாபாதில் 1972 முதல் நடக்கிறது. நம் சென்னை மணலியிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. உங்கள் வண்டிக்குரிய எண் ஸ்வதேசி டப்பாவில் இருந்தால், சந்தேகமில்லாமல் அதையே வாங்குங்கள். சீமை டப்பாவுக்குக் கொடுக்கும் அதிக விலை வெறும் டப்பாவுக்கே. ஆனால் எண் இல்லாத எண்ணெய்க்கு நம் அபிமானம் எண் கொடுத்துவிடாது. கதரைக் கட்டினாலும் நெசவு பார்த்துத்தானே வாங்குகிறோம்?

கம்பெனிப் பட்டறைக்குத்தான் போயாக வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 2014 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிச் சாமான்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்காக 14 மோட்டார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வோல்க்ஸ்வாகன், ஸ்கோடா, பி.எம்.டபிள்யூ., மெர்ஸிடிஸ், பியட் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். வெளிப் பட்டறைக்குப் போன ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதையும் ரத்துச் செய்வது முறையன்று என்றும் சொல்லிற்று. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவாதம் உள்ளவருக்கே அந்த நியாயமென்றால், கெடு தீர்ந்தவருக்குக் கேட்பானேன்? உங்கள் ஊர் மெக்கானிக்கிடமே போங்கள். எண்ணெயை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டியின் கைப்புஸ்தகத்தில் எண்ணைப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி, பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். டப்பாவில் 'அப்ரூவல்' என்ற சொல்லுக்கு நேரே அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'தகுந்தது', 'சிபாரிசு செய்யப்படுகிறது' என்றால் அது எண்ணெய்க்காரர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட நற்சாட்சிப் பத்திரம். பெயர் பெற்ற எண்ணெய்களில் போலி உண்டாகையால், தெரிந்த கடையில், மூடி உடையாத டப்பாவாக, ரசீதோடு வாங்குங்கள். காலி டப்பாவை நசுக்கிவிட்டு வாருங்கள். பழைய எண்ணெயை ஓடையில் கொட்ட விடாதீர்கள். மலையடிவாரத்து ஓடை யாருடைய குடத்திலோ போய் முடிகிறது.

நடு வழியில் எண்ணெய் குறைந்து, உரிய எண் அகப்படாவிட்டால், கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். வோல்க்ஸ்வாகன் புஸ்தகமே, அவசரத்துக்கு வேறு நல்ல எண்ணெயில் அரை லிட்டர் வரை ஒரு முறை சேர்க்கலாமென்கிறது. தப்பான எண்ணெய் சிறிது கலப்பதைவிட எண்ணெய் இல்லாமல் ஓட்டுவது எத்தனையோ மடங்கு கொடியது. மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினால், எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். கொதிக்கும் டர்போவில் தங்கிய எண்ணெய் கருகாமலிருக்கும்.

அம்பாஸிடரும் ஹெரால்டும் வைத்திருக்கும் பெரியவர்கள், "எங்களுக்கு எந்த எண்?" என்று கேட்கக் கூடும். அவையும் பிறப்பால் ஐரோப்பிய வண்டிகளே. ஆனால் அவை முதலில் பிறந்த காலத்தில் இந்த எண்கள் பிறக்கவில்லை. நடுத்தரக் கனமும், துத்தநாகச் சரக்கு குறையாத சேர்க்கையும் உள்ள எண்ணெயே அவற்றுக்கு நன்று. பேரன் வண்டியின் இளகிய எண்ணெயை அங்கே ஊற்ற வேண்டாம்.

உத்தரவாதம் என்பது கம்பெனிக்கும் நமக்கும் நடந்த ஒப்பந்தம். அதற்குத் தேதி உண்டு. எண்ணெய் என்பது எஞ்சினுக்கும் நமக்கும் நடக்கிற ஒப்பந்தம். வண்டி ஓடுகிற வரையில் அது தீராது. மாமனாரும் மாப்பிள்ளையும் சமாதானமாகி, எண்ணைப் பார்த்து வாங்கி, நாளைப் பார்த்து மாற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குரங்கணிக்குப் போய் வரட்டும். போகும்போது எண்ணெய்க் குச்சியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.